பெரிய பேட்டரி

என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். மகளுக்கு அவர் அனுப்பிய சின்ன ரிமோட் ஹெலிகாப்டரில் பேட்டரி உப்பிப் போச்சு. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் வீடியோவில் வருவார். மறுநாள் பாலைவன கேம்புக்குப் போகிறார். அங்கே ஆறு மாசம் சிக்னல் கிடையாது. அதற்குள் மகள் அதைப் பறக்கவிடுவதை ஒரு தடவையாவது பார்க்கணும் என்று ஆசைப்பட்டார்.

காலையில் புத்தூரில் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். கடைக்காரர் பழைய பேட்டரியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இதே எடையில தேடித் தர்றேன்க்கா. பத்து நிமிஷம் உக்காருங்க."

மணி பத்து இருபத்தைந்து. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதில் நான் புதுசு எதுவும் வாங்க மாட்டேன்.

"இருக்கிறதுலயே பெருசா குடுப்பா. ரொம்ப நேரம் பறக்கட்டும்."

"கனமா இருந்தா எழும்பாதுக்கா!"

"அதெல்லாம் பெருமாள் பார்த்துக்குவாரு," என்று அவசரமாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அதைப் போட்டால் ஹெலிகாப்டரின் பேட்டரி மூடி மூடவில்லை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன்.

மத்தியானம் அவர் போனில் வந்தார். இறக்கை சுழன்றது. ஹெலிகாப்டர் தரையைச் சுரண்டிக்கொண்டு வட்டமடித்ததே தவிர, எழும்பவில்லை.

"இன்னாடி, கோயிலைச் சுத்திக்கினு இருக்குதா?" என்று அவர் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. அதைக் கையில் உயரத் தூக்கி, வாயாலேயே சத்தம் போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் ஓடினாள். "பறக்குது பாரு நைனா!"

அவர் கைதட்டினார். பிறகு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதும் ராகு காலம் பார்க்கிறேன், விட முடியவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தால் பெருமாள் கோபித்திருக்க மாட்டார் என்று, விளக்கேற்றும்போதெல்லாம் தோன்றுகிறது.