எதிரே யாரும் வராத ரோடு

இதை எழுதும்போதும் என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே பிரேக் இல்லை என்று எனக்குத் தெரியும். காலுக்குத் தெரிய வேண்டுமே!

போன ஞாயிற்றுக்கிழமை. நல்ல சாரல். தென்காசியிலிருந்து பழைய குற்றாலத்துக்குக் காரில் கிளம்பினோம். ஓட்டியது என் மகள் நந்தினி. கல்லூரியில் இரண்டாம் வருடம். லைசென்ஸ் வந்த தபால் கவர்கூட இன்னும் டிவி மேலேதான் கிடக்கிறது.

ஆனால் ஸ்டியரிங் அவளுக்குப் புதிதல்ல. எங்கள் டைனிங் டேபிள் விளிம்பில் ஒரு ஸ்டியரிங்கை முடுக்கி வைத்திருக்கிறாள். கீழே பெடல்கள். அவளும் ஹாஸ்டல் தோழிகளும் லீவில் அவரவர் வீட்டிலிருந்தே ஆன்லைனில் கார் ரேஸ் ஓட்டுகிறார்கள். வாராவாரம் போட்டி, பாயின்ட்ஸ், லீக்... ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டில் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பாடு. லீக்கில் இவள்தான் முதலிடம். வாயால் திட்டினாலும், பெற்றவளுக்குப் பெருமை இல்லாமல் இருக்குமா?

டிரைவிங் ஸ்கூல் அண்ணாச்சியே கையை விரித்துவிட்டார். "பாப்பாவுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க? எல்லாம் தெரிஞ்சுல்லா வந்திருக்கு!"

அப்படிப்பட்டவள் பக்கத்தில் நான் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனேன். கண் முழுக்க ஸ்பீடோமீட்டர் முள் மேல்.

"யம்மா, எதுக்கு இப்படிப் பயப்படுத? நாப்பதுலதான் போறேன்."

உண்மைதான். முள் நாற்பதைத் தாண்டவில்லை. ஒரு வலது வளைவு வந்தது. வண்டியை இடது ஓரமாக அணைத்து, அப்படியே வழுக்கிக்கொண்டு திருப்பினாள். துளி குலுக்கல் இல்லை. 'அடடா' என்று முதல் முறையாகக் கைப்பிடியை விட்டேன்.

நிமிர்ந்தால்... கண்ணாடி முழுக்க ஒரு வேன்!

ஜன்னலெல்லாம் ஈரத்துண்டு பறக்க, அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும் கூட்டம். நாங்கள் அவர்கள் வரவேண்டிய பக்கத்தில் இருந்தோம். வேன்காரர் ஒடித்தார், இவள் பிரேக்கை மிதித்தாள். இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய முடியாது.

வேன் டிரைவர் இறங்கி வந்தார். "ஏட்டி, ரோடு பூரா ஒனக்கா எழுதி வச்சிருக்கு?" அப்புறம் என் பக்கம் திரும்பினார். "பக்கத்துல இருந்து நீங்க என்னத்தம்மா பாத்துக்கிட்டு வந்தீய?"

முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தேன் என்று எப்படிச் சொல்ல?

ஓரமாக நிறுத்தினோம். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். வெளியோரம் போய், வளைவின் உள்ளோரத்தை உரசித் திரும்பினால்தான் வேகம் குறையாது... ரேஸில் அப்படித்தானாம். கை தானாகப் போய்விட்டதாம்.

"எதுத்தாப்ல வண்டி வரும்னு தெரியாதா நந்தினி?"

"டிராக்ல யாரும் எதுக்க வர மாட்டாங்கம்மா..."

சொல்லிவிட்டு அழுதாள். நானும்தான்.

அந்த ஸ்டியரிங் வந்த நாளிலிருந்து நான் படாத பயமா? கண் கெடும், மார்க் குறையும், வேகப் பைத்தியம் பிடிக்கும்... எல்லாவற்றுக்கும் பயந்தேன். ஒழுங்காகப் பயப்பட வேண்டிய அந்த ஒரு வளைவில் மட்டும் ரசித்துக்கொண்டிருந்தேன்!

சாயங்காலம் ரேஸுக்கு வரவில்லை என்றவளைத் தோழிகள் விடவில்லை. உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் ஒரே கூச்சல்.

"ஏட்டி நந்தினி, என்னட்டி மாட்டு வண்டியா ஓட்டுத? வளைவுல ஏன் இடது ஓரத்தப் புடிச்சிட்டே போற?"

"எதுக்க யாரும் வந்துருவாங்களோன்னு இருக்குட்டி."

"ரேஸ்ல எவட்டி எதுக்க வருவா?" சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

கடைசியாக வந்தாள். லீக்கில் முதலிடமும் போயிற்று. நான் எழுந்துபோய் அவளுக்குப் பிடித்த சேமியா பாயசத்துக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். பிள்ளை கடைசியாக வந்ததற்குப் பாயசம் வைத்த அம்மா ஊரில் வேறு யாராவது உண்டா?

அன்றைக்கு நான் ஒளித்து வைத்த கார் சாவி மட்டும் இன்னும் அரிசி டிரம்முக்குள்தான் இருக்கிறது.