ஞாயிற்றுக்கிழமைக் கடப்பா

முதல் விள்ளல் வாய்க்குள் போகும்வரை ரெத்தினம் உட்காரமாட்டார். எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு சாப்பிடுகிறவரின் புருவத்தையே பார்ப்பார். புருவம் ஏறினால், "காரமா இருக்கா? தண்ணி கொண்டாரச் சொல்லட்டா?" அசையாவிட்டால் இன்னும் மோசம். "புடிக்கலைங்களா?"

தஞ்சாவூர் ரயிலடியில் ஆட்டோ ஓட்டுகிறார். வயது ஐம்பத்திரண்டு. வெளியூரிலிருந்து கோயில் பார்க்க வருகிறவர்களைச் சாப்பாட்டுக் கடைகளின் பக்கம் திருப்பிவிடுவார். திருவையாற்றில் அசோகா அல்வா எப்போது சூடாக இறங்கும், நீடாமங்கலத்தில் பால் திரட்டு எப்போது தீரும், எந்த மாஸ்டருக்கு எந்தக் கிழமை லீவு, எல்லாம் மனப்பாடம்.

"கோயில் எங்கயும் போயிடாதுங்க. கடப்பா ஒன்பது மணிக்கு மேல கெடைக்காது."

பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காயும் கசகசாவும் அரைத்து விட்டால் கடப்பா. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள. ராசம்மாள் கடையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

யாராவது "சுமார்" என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க ரெத்தினத்துக்குச் சோறு இறங்காது. அதனால் முந்தின நாளே கடைக்குப் போன் போடுவார். ஒரு தடவையோடு நிறுத்தமாட்டார். போன சனிக்கிழமை ராசம்மாளுக்கு மூன்று தடவை போட்டார்.

"அக்கா, பெங்களூர்லேருந்து பெரிய எடம் வருது. பாத்து செய்யுங்க. நம்ம ஊரு மானம்."

"ஏன், ஒனக்கு ரெண்டாந்தாரம் பேச வர்றாங்களா?" என்று கேட்டு அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை, பெங்களூரிலிருந்து மகளோடு வந்த வித்யாலக்ஷ்மி ஆட்டோவில் ஏறியதும் சொன்னார்: "ஸ்ம்ருதிக்கு முந்திரி ஆகாது. துளி போனாலும் தொண்டை அடைச்சுக்கும். போன வருஷம் ஐசியூல வெச்சிருந்தோம்."

ஸ்ம்ருதிக்கு ஏழு வயது. ரெத்தினத்தின் பலகாரப் பட்டியலில் பாதி அந்த நிமிஷமே அடிபட்டுப் போயிற்று.

"கடப்பாவுல முந்திரியே கெடையாதும்மா. இருபது வருஷமா அந்தக் கைய பாக்குறேன்" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, கடை வரும்வரை கண்ணாடியில் குழந்தையின் கழுத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

அன்று சுவரில் சாய மனம் வரவில்லை. அவர்களை உட்காரவைத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார்.

"அக்கா, வழக்கமான சாமான்தானே?"

"நீ அத்தன தடவ சொன்ன பொறவு வழக்கம்போல வெப்பனா? ரெண்டு கை முந்திரி அரைச்சு விட்டிருக்கேன். பாரு, எப்படிக் கெட்டியா நிக்குதுன்னு."

ரெத்தினம் திரும்பினார். ராசம்மாளின் மருமகள் கனிமொழி வாளியோடு ஸ்ம்ருதியின் இலைக்கு மேல் குனிந்திருந்தாள். கரண்டி சாய ஆரம்பித்துவிட்டது. கூப்பிட நேரமில்லை. நடுவில் இருந்த பெஞ்சைத் தாண்டிப் போய் இட்லிக்கு மேலே கையை நீட்டினார். கொதிக்கக் கொதிக்க அவர் புறங்கையில் விழுந்தது கடப்பா.

"ஐயோ மாமா, என்ன இது?" என்றாள் கனிமொழி.

"முந்திரிம்மா" என்றார் வித்யாலக்ஷ்மியைப் பார்த்து. "நான் சொன்னது தப்பு."

வித்யாலக்ஷ்மி குழந்தையைப் பின்னால் இழுத்து அணைத்துக்கொண்டார். கனிமொழி தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். ரெத்தினம் கையை எடுக்கவில்லை. விரலிடுக்கில் ஒரு சொட்டும் ஒழுகிவிடாதபடி ஐந்து விரல்களையும் இன்னும் நெருக்கிக்கொண்டார்.