செல்வதாஸின் வலது தோள்

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்த நேரத்தில் வக்கீல் வினோஜ் கூப்பிட்டார். செல்வதாஸின் நஷ்டஈட்டு மனு தள்ளுபடி. வக்கீலின் அழைப்பைச் செல்வதாஸ் எடுப்பதை நிறுத்திப் பல நாளாகியிருந்ததால், செய்தி மனைவி தேவகனிக்குத்தான் வந்தது.

"அண்ணாச்சிட்ட பைய சொல்லுங்க அக்கா."

"நான் என்னத்த சொல்ல? கூண்டுல ஏறுன அன்னைக்கே அவியளுக்குத் தெரியும்," என்றாள் தேவகனி.

செல்வதாஸ் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். கருங்கல் சந்தை முக்கில் திரும்பிய கார் ஒன்று அவருடைய ஸ்கூட்டரை லேசாகத்தான் தட்டியது. காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவருக்கு வலது தோளில் தசைநார் கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்தால்தான் இனி கையைத் தூக்கி வேலை செய்ய முடியும் என்றார் டாக்டர். அந்தச் செலவுக்குத்தான் வழக்கு.

ஆனால் விபத்துக்கு அடுத்த ஞாயிறு சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்து, எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டுமே. உயிர் தப்பியவர்கள் எல்லோரும் செய்வதுதான். "ஒரு கேடும் இல்லாம கர்த்தர் என்னைக் காத்தார்," என்றார் செல்வதாஸ். கர்த்தர் முக்கால்வாசி காத்தார் என்று யாராவது சபையில் சொல்வார்களா? சொன்ன வேகத்தில் இரண்டு கைகளையும் உயர்த்தியும்விட்டார். வலது கை எப்படி உயர்ந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. அதன்பின் சில நாள் தேவகனிதான் சோறு ஊட்டினாள்.

ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போயிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலும் சபைக்குப் போகிறவர்தான். எங்கே தேட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது; வீடியோ கோர்ட்டுக்கு வந்துவிட்டது.

"சந்தோசத்துல கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லும் அண்ணாச்சி, போதும்," என்று வினோஜ் சொல்லிக்கொடுத்துத்தான் அவரைக் கூண்டில் ஏற்றினார்.

"சபையில் நீங்கள் சொன்னது பொய்யா?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல்.

"சபையில பொய் சொல்ல மாட்டேன் சார்."

"அப்போ தோள் காயம்?"

"அதும் உள்ளதுதான்."

வெளியே வந்ததும் தேவகனி பிடித்துக்கொண்டாள். "ஒங்க தோளு கர்த்தருக்குத் தெரியாதா? அவரு கோவிச்சுக்கிடுவாராக்கும்?"

"அவருக்குத் தெரியும், ஏட்டி. சபைக்குத் தெரியாதுல்லா."

சபை அவரை மறக்கவில்லை. பணத்துக்காக நாக்கைப் புரட்டாத மனிதர் என்று போதகர் ஒரு பிரசங்கமே செய்தார். அப்படிப்பட்டவர் கையால்தான் சபைக் கோவில் மதிலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது, காணிக்கையாக. செல்வதாஸும் தலையாட்டிவிட்டு வந்தார்.

இடது கையால் அடிக்கிறார். ஏணியில் ஏறினால் பிடித்துக்கொள்ள வலது கை வேண்டும். அதனால் தரையில் நின்றபடி எட்டும் உயரம் வரைக்கும்தான் மதிலில் புதுப் பெயிண்ட் ஏறியிருக்கிறது.