பருத்த உடலின் எலும்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் பாக்கார் ஆராங் என்ற ஊரில் குடியிருந்தோம். என் மனைவி லூர்து பருத்த உடலினள். நீரிழிவும் உயர் குருதியழுத்தமும் அவளுக்கு இருந்தன. நாள்தோறும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார். அவளோ நாளுக்கொரு சாக்குக் கண்டுபிடிப்பாள்.

ஒருநாள் காலை, குளியலறைப் படியில் சறுக்கி விழுந்தாள். மாலையில், "காலு வலிக்குதுங்க. இன்னிக்கு பாடாங் பக்கம் வேணாம்," என்றாள்.

"நேத்து மழைன்ன, இன்னிக்குக் காலா? ஒன் ஒடம்பையே தாங்குற எலும்புக்கு என்னா வரப்போவுது?" என்று சொல்லி, கைப்பிடித்துப் பாடாங் திடலை இருமுறை சுற்ற வைத்தேன். அவள் மெல்ல அடியெடுத்து வைத்து உடன் வந்தாள். அதனை இணக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் பாதம் வீங்கிச் செருப்பில் நுழையவில்லை. ஊடுகதிர்ப் படத்தில் பாத எலும்பு முறிந்திருந்தது.

"குண்டானவங்களுக்கு எலும்பு கெட்டின்னுதான் நாங்களும் படிச்சோம், சார். ஆனா இனிப்பு நீர் உள்ளவங்களுக்கு லேசா விழுந்தாலும் ஒடையுது. ஏன்னு எனக்கே தெரியல லா," என்றார் இளம் மருத்துவர்.

மாவுக்கட்டுடன் லூர்து கேட்டாள்: "அப்ப நான் நடக்கணுமா, உக்காரணுமா? நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவராச்சே."

நடந்தால் நீரிழிவு தணியும். விழுந்தால் எலும்பு முறியும். அவள் பொய் சொல்கிறாள் என்று அன்று மாலை எவ்வாறு அத்துணை உறுதியாக நம்பினேன் என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.