தசரதன் வண்டியின் பின்பக்கம்

இருபத்திரண்டு வருஷம் தினமும் வண்டி ஓட்டுகிற மனிதர் உலகத்தையே பல சுற்று சுற்றியிருப்பார். தசரதன் சுற்றவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஆட்களை ஏற்றுவார், ஒரகடத்தில் கம்பெனி வாசலில் இறக்குவார், ஷிப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவார். செங்கல்பட்டுக்குத் தெற்கே அவர் பார்த்த ஊர் மேல்மருவத்தூர் ஒன்றுதான். அதுவும் ரயிலில்.

ஆனால் தெற்கத்தி ஊர்ப் பெயர்கள் அவருக்கு மனப்பாடம். ஏறியவர்களில் பாதிப்பேர் சங்கரன்கோவில், விளாத்திகுளம், கடையநல்லூர் பக்கத்துப் பெண்கள். ஹாஸ்டலில் தங்கி, மூன்று நாலு வருஷம் கம்பெனி லைனில் நின்று வேலை செய்துவிட்டு, கல்யாணமாகி ஊருக்குப் போவார்கள். போகிற அன்றைக்கு எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "டிரைவரண்ணே, ஒரு நாளு வண்டியோட எங்க ஊருக்கு வாங்க." வாய்ப்பேச்சுக்குச் சொன்னது. தசரதன் நிஜமென்று எடுத்துக்கொண்டார், 'வண்டியோட' என்பதையும் சேர்த்து.

ஆகவே ஓய்வு பெற்றதும், கம்பெனி கழித்துவிட்ட அதே வண்டியை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டிலும் காஸ் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து ஓடுகிற வீடாக்கினார். மனைவி சரோஜாவுக்கும் சந்தோஷம்தான், அவர் வண்டியைப் பின்னால் எடுக்கிறவரை. கழுத்துத் தேய்மானம், தலை திரும்பாது. முன்பெல்லாம் பின்சீட்டுக்காரர்கள் தகரத்தைத் தட்டி வழி சொல்வார்கள். இப்போது பின்சீட்டே இல்லை. படப்பையில் புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் மூன்று எல்லைக்கற்களைச் சாய்த்த பிறகுதான் வண்டி நின்றது.

"பின்னாடி இன்னா கீதுன்னு உனுக்குத் தெரியறவரைக்கும் நான் இதுல ஏற மாட்டேன்," என்றாள் சரோஜா. "வோணும்னா நீ மட்டும் போய் உன் தங்கச்சிங்களப் பாத்துட்டு வா."

அவள் இல்லாமல் போனால் டிரைவராகத்தான் போய் நிற்க வேண்டும். விருந்தாளியாகப் போக வேண்டும் என்பது அவர் ஆசை.

பின்பக்கத்தைத் திரையில் காட்டும் கேமரா மாட்ட, தசரதன் வண்டியிலும் சரோஜா பஸ்ஸிலுமாக, ஒரகடம் கூட்டுரோட்டில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் அருள்பாண்டியிடம் போனார்கள். அவர் எட்டயபுரத்துக்காரர்.

"கேமராவுல ரெண்டு ரகம் அண்ணாச்சி. ஒயர் உள்ளது, ஒயர் இல்லாதது. இல்லாததுல படம் காத்துல வரும், மாட்டுறது லேசு. ஒயர்னா பின்னாலருந்து முன்னால வரைக்கும் மேல்பலகையப் பிரிக்கணும். என்னக் கேட்டா ஒயர்தான் சொல்லுவேன்."

தசரதன் கழுத்து வலிக்க மேலே பார்த்தார். அந்தப் பலகை முழுக்கப் பேனாக் கிறுக்கல். 'ஓ.டி. ஒழிக.' 'இன்று கடைசி நாள், வேல்விழி.' யாரோ வரைந்த ஒரு மீன். 'தூங்காதே செல்வி, ஸ்டேஷன் வந்துடும்.' வண்டியை அடியோடு மாற்றியவர் அந்தப் பலகைக்கு மட்டும் பெயின்ட் அடிக்க விடவில்லை.

"காலம் எங்கியோ பூட்சு, இன்னும் ஒயரா? இல்லாததே போடுப்பா," என்றார். பழசைக் காப்பாற்றுவதற்காகப் புதுசுக்குக் கொடி பிடித்தவர்களில் அவர் முதல் ஆளல்ல.

கேமரா மாட்டி முடித்தபோது மணி மூன்றரை, ஷிப்ட் விடும் நேரம். சரோஜா வண்டிக்குப் பின்னால் பத்தடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டாள்.

"இத்த இடிச்சே, கதை முடிஞ்சுது."

தசரதன் ரிவர்ஸ் போட்டார். திரை மினுங்கியது. ஸ்டூல் இல்லை. நீலச் சட்டைக் கூட்டம். அதைப் பிளந்துகொண்டு ஒரு பெண், சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்தபடி, கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ஓடி வருகிறவரை விட்டுவிட்டு அவர் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. அதற்காகச் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியதுண்டு. பிரேக்கை அழுத்தி, கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்து காத்திருந்தார்.

சரோஜா படியருகே வந்தாள். "இன்னாயா, யாருக்குக் கதவத் தொறந்து வெச்சிக்கினு கீற?"

"அந்தப் பொண்ணு ஓடியாருதுல்ல? ஏறிக்கட்டும்."

"எந்தப் பொண்ணு?"

அருள்பாண்டி திரையைப் பார்த்தார், பிறகு எதிர்ப்பக்கக் கம்பெனி வாசலைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "அந்தா நிக்கி பாருங்க ஷிப்ட் பஸ்ஸு, அதுலயும் இதே ரகம். ரெண்டும் ஒரே சேனலு. அவன் முதுக நாம பாத்துக்கிட்டு இருக்கோம். நம்ம முதுக எவன் பாக்கானோ!"

சரோஜா சிரிக்கவில்லை. "ஆளு இல்லாத எடத்துல ஆளு தெரிஞ்சா நிக்கற, செரி. ஆளு நிக்கற எடம் காலியாத் தெரிஞ்சா?"

தசரதன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முகங்கள் புதிது, ஓட்டம் அதே ஓட்டம். இப்படி ஒரு படத்தைக் காட்டுவதற்கு எந்தக் கேமராவுக்கும் அவர் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பார். ஆனால் அது அவர் வண்டிக்குப் பின்னால் இல்லை.

"ஸ்க்ரூடிரைவர் குடு," என்று கையை நீட்டினார்.

மேல்பலகையின் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துக் கழலவில்லை. ஒயர் போக நடுவில் பட்டையாக அறுக்க வேண்டியிருந்தது. ஒரு சூப்பர்வைசர்மேல் எழுதிய வசவும் மீனின் வாலும் போயின. வேல்விழியின் பெயர் அரை அங்குலத்தில் தப்பியது.

மறுநாள் ஒயர்க் கேமராவில் ஸ்டூலுக்குப் பதில் சரோஜாவே நின்றாள். விரல்களைத் தூக்கினாள்.

"எத்தினி?"

"மூணு."

"இப்போ?"

"ரெண்டு."

"இப்போ?"

"வெரலு இல்ல. மொறைக்கற."

திரையிலிருந்து விலகினாள். பக்கத்துக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வந்து உட்கார்ந்து, "மொதல்ல யாரு வூட்டுக்கு?" என்றாள்.

"வேல்விழி வூட்டுக்கு. விளாத்திகுளம்."

"அதுகிட்ட சொல்லிட்டியா?"

"இனிமேதான் சொல்லணும்."

சரோஜா பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "வண்டிய எடு. திண்டிவனம் தாண்டிச் சொல்லிக்கலாம்."