அனுப்பி வைத்த நாடா

ராசிபுரத்தில் எங்கள் நெசவாளர் தெருவில் ஓர் ஏற்பாடு இருந்தது. விற்கிற ஒவ்வொரு சேலைக்கும் சிறிது காசு மகமை என்ற பெயரில் மாரியம்மன் கோயில் பொது நிதியில் சேரும். வேலை நின்றுபோன வீட்டுக்கு அந்த மகமையிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கம்பு அளந்து கொடுப்பார்கள். முதலாளி நிறுத்திய ஆளுக்குத்தான் அது உண்டு. தானாக வேலையை விட்டு வந்தவனுக்குக் கிடையாது.

யார் எப்படி நின்றார்கள் என்பதற்கு நாடாதான் சாட்சி. உள்ளே நூல் சுற்றிய தார் வைத்து, தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்கு நடுவே இப்படியும் அப்படியும் ஓடவிடுகிற மரக்கட்டை அது. பிறர் பட்டறையில் கூலிக்கு நெய்கிறவனுக்குத் தறி சொந்தமில்லை; நாடா மட்டும் சொந்தம். முதலாளி வேலையை நிறுத்தினால் வெற்றிலை பாக்கோடு நாடாவை அவன் வீட்டுக்கு அனுப்பி வைப்பார். அவனே எடுத்து வந்தால் அவனாக நின்றுகொண்டான் என்று அர்த்தம்.

இது எனக்கும் தெரியும். தெரிந்தே தவறிவிட்டேன். யுத்த காலத்தில் நூல் வருவது அற்றுப்போனது. என் தறியில் பாவு முடிந்த அன்று முதலாளி, "நூல் வந்தாச் சொல்லி உடறேன் சாமி" என்றார். என் நாடாவின் இரும்பு முனை தேய்ந்து நூலை அறுத்துக்கொண்டிருந்தது. சும்மா இருக்கிற நாளில் சரி செய்துவிடலாம் என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு வழியாகக் கொல்லன் உலைக்குப் போனேன். தெருவே பார்த்தது.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பையோடு நின்றேன். மனைவிக்குக் கைக்குழந்தை. வீட்டுப் பானையில் தானியம் இல்லை. மகமையைப் பார்த்துக்கொண்ட பெரியதனக்காரர் என்னைக் கண்டதும் அளக்கிற படியைக் கீழே வைத்தார்.

"ஏஞ்சாமி, நாடாவ நீயே எடுத்துட்டு வந்துட்டயாமா?"

பின்னாலிருந்து ஒருவர், "முதலாளி குடுத்த கூலி பத்தலையாட்ட இருக்குதுங்க" என்றார். சிரித்தார்கள்.

"அவரு நிறுத்துனாரா, நீயா நின்னுக்கிட்டயா? வாயத் தொறந்து சொல்லு."

முனை தேய்ந்துபோயிற்று என்று சொன்னால் போதும். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது, இப்போதும் வராது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியதனக்காரர் கெட்டவர் அல்ல, சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு அடுத்த வீட்டுக்காரருக்கு அளந்தார்.

மனைவி வெறும் பையைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"நாடா ஓடற ஓட்டத்துல காவாசி உங்க நாக்கு ஓடுனாப் போதுங்க" என்றாள். பையை மடித்து வைத்துவிட்டு, "பேச வேண்டாம். அதக் கொண்டு போயி இருந்த எடத்துலயே வெச்சுட்டு வாங்க. மத்தது முதலாளிக்கே தெரியும்" என்றாள். அக்கம்பக்கத்தில் ஒரு வள்ளம் கம்பு கடன் வாங்கி வந்தாள்.

பட்டறையில் முதலாளி தனியாகத் தறிகளின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாடாவை என் தறிமேல் வைத்தேன். எடுத்து, கொல்லன் புதிதாக அடித்திருந்த முனையை விரலால் தடவிப் பார்த்தார். கோயில் வாசலில் நடந்தது அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

"இத நான் உன்ற ஊட்டுக்கு அனுப்புனா, பட்டறைய மூடிட்டேன்னு செவ்வாப்பேட்டை நூல் கடைக்காரங்களுக்குச் சேதி போயிரும். அப்பறம் ஒரு கட்டு நூல எனக்குக் கடனாக் குடுப்பாங்களா?"

நாடாவைத் திரும்பத் தறிமேல் வைத்தார்.

"குழந்தை பால் குடிக்குதா?"

"குடிக்குதுங்க."

அவர் மறுபடி தறியைத் துடைக்கத் தொடங்கினார். நான் வந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை முதலாளியே எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, என் நாடா. அவரிடம் நெய்த மற்றவர்களின் நாடாக்களும் இடுப்புத் துண்டில் இருந்தன.

"அனுப்பறதுக்கு ஆளில்ல. நானே வந்துட்டேன்" என்றார்.

அன்று பெரியதனக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் அளந்தார். அதன்பின் நூல் வரும்வரை எங்கள் வீட்டுக்குக் கம்பு வந்தது.

முதலாளி பயந்தபடியேதான் நடந்தது. செவ்வாய்ப்பேட்டையில் யாரும் அவருக்குக் கடனாக நூல் தரவில்லை. அவர் வீட்டில் அடுப்பெரிவது குறைந்தது. மகமையில் அவர் கேட்கவும் வழியில்லை. அவருக்கு நாடா அனுப்பி வைக்க மேலே ஒரு முதலாளி இல்லையே. பல வருஷம் அந்த மகமைக்குக் காசு கொடுத்தவர் அவர்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் கொண்டுவந்த கம்பை மனைவி முறத்தில் கொட்டி இரண்டாகப் பிரித்தாள். ஒரு பங்கை மறுபடி பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

முதலாளி தன் வீட்டுக் கதவருகில் பையை வாங்கிக்கொண்டார்.

"நாடாவுக்கு எண்ணெய் போட்டு வெச்சிருக்கறயா?" என்று கேட்டார்.

"போட்டிருக்கறனுங்க."

"துருப்புடிக்க உட்றாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பையைக் காலி செய்துகொண்டு வந்தார்.