கிரேஸின் கைப்பிடி அரிசி

அன்பான சபையாரே, ஆண்டவர் மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் செய்த நன்மையைச் சொல்லாமலிருக்க என்னால் முடியவில்லை.

என் மனைவி கிரேஸுக்குப் பார்க்கின்சன் நோய். முதலில் வலது பெருவிரல் நடுங்கியது, பிறகு கை முழுவதும். போன வருடம் லெந்து என்னும் தவக்கால நாட்களில் மாத்திரைக்கும் கட்டுப்படவில்லை.

உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிப் பானையில் போடுவது நம் சபைப் பெண்களின் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைத் தவறவிட்டதில்லை. இப்போது பிடி பானைக்குப் போகுமுன் பாதி தரையில் கொட்டிவிடும். நான் குனிந்து பொறுக்குவேன். துறைமுகத்தில் மூட்டை எண்ணியே ஓய்வு பெற்றவன். சிந்திய அரிசியையும் எண்ணுவேன். "நான் போடட்டுமா?" என்றால் சம்மதிக்க மாட்டாள்.

"உலை வைக்கிற கைதான் போடணும். நீங்க என்னைக்கு உலை வச்சிய?"

ஒரு காலையில் பானைக்குள் ஒரு மணிகூட விழவில்லை. கிரேஸ் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இவளுக்கு அந்த ஒரு பிடியைத் திருப்பிக் கொடும்."

மதுரையில் ஒரு மருத்துவர் வழி சொன்னார். மூளைக்குள் மெல்லிய கம்பி, நெஞ்சுத் தோலுக்கடியில் சிறிய மின்கருவி. அது அனுப்பும் துடிப்பு நடுக்கத்தை அடக்குமாம். கம்பி வைக்கும்போது அவள் விழித்திருக்க வேண்டுமாம். பேச்சு போய்விட்டால்? என்னையே மறந்துவிட்டால்?

ஜெபக்குழு அண்ணாச்சி ஒருவர் வீட்டுக்கு வந்து, "தலைக்குள்ள கம்பிய வச்சா அது விசுவாசமா?" என்றார்.

கிரேஸ் கேட்டாள்: "நீங்க கண்ணாடி போட்டுத்தான அண்ணாச்சி வேதம் வாசிக்கிய? கழத்திட்டு வாசிங்க, பாப்போம்."

அவரே சிரித்துவிட்டார். ஜெபம் பண்ணித்தான் போனார்.

அறுவைச் சிகிச்சையன்று வராந்தாவில் தரைக் கற்களை எண்ணினேன். கணக்குத் தப்பியது. எண்ணுவதை விட்டு ஜெபித்தேன்.

மருத்துவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "கம்பியில கரண்ட் கொடுத்ததும் நடுக்கம் நின்னுருச்சு. கையை மூடித் திறங்கம்மான்னா, கொஞ்சம் அரிசி இருக்கான்னு கேக்குறாங்க."

அரிசிக்கு அங்கே எங்கே போவது? வெறுங்கையை மூடி, மெதுவாகத் திருப்பி விரித்து, "சிந்தல டாக்டர்" என்றாளாம்.

சில வாரம் கழித்துக் கருவியை இயக்கி, பலமுறை அளவு மாற்றிச் சரிசெய்தார்கள். நோய் போய்விடவில்லை, நடை இன்னும் மெதுவாகத்தான். ஆலயத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் காந்தம் இருக்குமே, அது கருவியை நிறுத்திவிடுமோ என்று பயந்து நான் அவளைக் கடைசி பெஞ்சுக்கு இழுக்கிறேன். அவள் என்னைத் திட்டுகிறாள். அதுவும் நன்மைதான்.

கை அடங்கியபின் வந்த முதல் காலை. அவள் அரிசியை அள்ளியதும் நான் வழக்கம்போலக் குனிந்து தரையைப் பார்த்தேன்.

"என்னத்த தேடுதிய?"

"சிந்தினதை."

"ஒண்ணும் இல்ல. எந்திரிங்க."

பானையில் அந்தப் பிடி முழுசாக விழுந்திருந்தது.

இப்போது சனிக்கிழமைதோறும் நான்தான் உலை வைக்கிறேன். ஆகவே எனக்கும் ஒரு பிடி போட உரிமை உண்டு. சோறு குழைந்துவிடும், அவள் சாப்பிட்டுவிடுகிறாள்.

பிரியமானவர்களே, உங்கள் கையிலிருந்து எது சிந்துகிறதோ, அதைப் பேர் சொல்லியே ஆண்டவரிடம் கேளுங்கள். பதில் மருத்துவர் கையில் வந்தாலும் அனுப்பியவர் அவரே என்று வாங்கிக்கொள்ளுங்கள். அன்று பானையில் விழுந்த அரிசியை நான் எண்ணவில்லை. ஸ்தோத்திரம் மட்டும் சொன்னேன்.